திருச்சியிலிருந்து பலாலிக்கு

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி, நேர்கோட்டில் அளந்தால், 185 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதே திருச்சியிலிருந்து சென்னை, வான்வழியாகவே ஏறத்தாழ 290 கிலோமீட்டர். தலைநகரைவிட அருகில் இருக்கும் இந்த அயல்நாட்டு ஊருக்குச் சென்றுசேர எவ்வளவு நேரமாகும்? முக்கால் நூற்றாண்டில் இக்கேள்விக்கான விடை பலமுறை மாறிவிட்டது. அம்மாற்றத்தில் விமானங்களின் வேகத்துக்குப் பெரிய பங்கில்லை.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வான்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதற்பயணத்தை ரத்மலானையில் தொடங்கி, இவ்வழியாகவே சென்னைக்கு நடத்தியது. பறந்தது ஒரு டக்கோட்டா விமானம். அதன் பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து வானூர்தியில் வடக்கே செல்வது சீதைக்குப் புதிதன்று என்று நாம் முறுவலித்துக்கொள்ளலாம். பின்னாளில் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையிலும் அந்நிறுவனத்தின் விமானங்கள் பறந்தன.

1970களின் இறுதியில் ஏர் சிலோன் மறைந்தது. 1983க்குப் பின் போர். அதன்பிறகு யாழ்ப்பாணத்தார் ஒருவர் திருச்சிக்கு வர விரும்பினால் முதலில் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழி கொழும்புக்குச் செல்ல வேண்டும். கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மீண்டும் வடக்கே 400 கிலோமீட்டருக்கும் மேல் பறக்க வேண்டும். 185 கிலோமீட்டர் எண்ணூறாயிற்று. இதுவும் பாதை திறந்திருந்தால்தான். 1990களில் ஏ-9 நெடுஞ்சாலை மூடிக்கிடந்த ஆண்டுகளில் கொழும்புக்குச் செல்வதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாயிற்று. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்ப் பக்கத்துக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். நெடுஞ்சாலை 2002இல் திறந்தது, 2006இல் மீண்டும் மூடியது, போர் முடிந்த 2009இல் மறுபடி திறந்தது.

பலாலி 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு விமான நிலையமாயிற்று. அடுத்த மாதம் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கியது. நான்கே மாதங்களில் பெருந்தொற்று அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில் அது மீண்டது. திருச்சிக்கான தடம் 2025 மார்ச் 30 அன்று இண்டிகோவின் ஏடிஆர் விமானத்தோடு உயிர்பெற்றது.

கால அட்டவணை அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறித்தது. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் செல்லக்கூடிய விமானத்துக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஓடுபாதைக்கு ஊர்ந்துசெல்வது, மேலேறுவது, வளைந்து இறங்குவது யாவும் அக்கணக்கில் சேரும். இத்தனை குறுகிய தொலைவில் விமானம் முழு வேகத்தை எட்டிச் சற்றுநேரம் பறப்பதற்குள் இறக்கம் தொடங்கிவிடும்.

இறங்கும் இடம் வலிகாமம் வடக்கு. 1990இல் இங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. போருக்குப் பின் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டாலும், ஒரு பகுதி இன்னும் உரியவர் கைக்குத் திரும்பவில்லை. கடல் கடந்து ஒரு மணி நேரத்தில் வந்திறங்கும் நாம், அவர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சென்றுசேராத நிலத்தின் மேலாகவே பறந்து வருகிறோம்.