செபராங் பிறைத் தோட்டத்துத் தாய்மார்: வாழ்வும் சாவும்

தாசேக் கெலுகோர் வட்டாரத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் கங்காணியிலிருந்தே தொடங்குகிறார்கள். பிறகு கோயில் தலைவர், சங்கச் செயலாளர், பள்ளி வாரியத்தார் என்று வரிசை நீளும். சிறப்பு மலர்களின் படங்களிலும் அவர்களே முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அந்த வரிசையில் யாருடைய தகுதியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசைகளை ஊராக மாற்றியவள் தோட்டத்துப் பெண். அவளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையாவது இம்மலரில் இருக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கெடாவிடமிருந்து 1800இல் ஆங்கிலேயர் பெற்ற இந்தச் செபராங் பிறைக் கரையோர நிலத்தில், 1840களிலிருந்து ஐரோப்பியர் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அந்தக் காலத்துச் சஞ்சிக்கூலிகள் பெரும்பாலும் தனி ஆண்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள், அல்லது இங்கேயே மாண்டார்கள். லயம் அவர்களுக்குத் தங்கும் கொட்டடி, அவ்வளவுதான். ரப்பர் வந்த பிறகு நிலைமை மாறியது. தமிழர் குடிநுழைவு நிதி 1907இல் ஏற்பட்டதால் கப்பல் கட்டணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறுவது நின்றது. 1910இல் புதிய சஞ்சி ஒப்பந்தங்களும் நிறுத்தப்பட்டன. கங்காணிகள் தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காட்டுப் பகுதிக் கிராமங்களுக்குப் போய்க் குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். அப்படியும் 1921இல் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 400 பெண்களே இருந்தார்கள். 1947இல்தான் அது 600ஐத் தாண்டியது. இந்த எண்கள் ஏறிய காலமும் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் வேரூன்றிய காலமும் ஒன்று. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மேல்தளத்திலோ அடித்தளத்திலோ பாய் விரித்துப் படுத்து, பினாங்கு வந்து, ஜெரஜாக் தீவில் தொற்றுத் தடுப்புக் காவலில் இருந்து, அதன் பிறகே தோட்டம் பார்த்தவர்கள் அவர்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அலோர் ஸ்டார் வரையிலான ரயில் பாதை 1915இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு தாசேக் கெலுகோர் நிலையமும் இந்த வட்டாரத் தோட்டங்களுக்கு ஒரு வாசலானது. இடுப்பில் பிள்ளையோடும் கையில் துணிமூட்டையோடும் இறங்கிய பெண்ணுக்கு முன்னால் இருந்தது ஒற்றை அறை, ஒரு குசினி, பொதுக் குழாய். அண்டை வீட்டாரின் சாதியும் தெரியாது, ஊரும் தெரியாது. அங்கே அடுப்பு மூட்டினாள்.

அவளுடைய ஒரு நாளைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். நான்கு மணிக்கு எழுவாள். கஞ்சியோ ரொட்டியோ ஆக்கி, தூங்கும் பிள்ளையைத் துணியோடு வாரித் தூக்கி ஆயாக் கொட்டகையில் விடுவாள். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். ஒரு கிழவி அத்தனைக்கும் தாய். அங்கிருந்து பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் இருட்டிலேயே நிரைக்குப் போகவேண்டும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தணிந்துவிடும். அதனால்தான் அந்த அவசரம். நானூறு, ஐந்நூறு மரங்கள். ஒவ்வொன்றிலும் முந்திய வெட்டில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக உளியை இழுக்கவேண்டும். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கவேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரு மயிரிழை கூடிவிட்டால் மரத்தில் காயம் பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். தண்டலின் ஏச்சும் கிடைக்கும். எழுத்தறியாத பெண்கள் கைப்பழக்கத்தால் மட்டுமே கற்றுத் தேர்ந்த நுட்பம் இது. பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கட்டையைத் தோளில் வைத்து, ஸ்டோர் வரை சுமந்து நிறுத்துப் போடவேண்டும். தோளில் காய்ப்பு ஏறாத மரம்வெட்டுக்காரி அந்தத் தலைமுறையில் இல்லை.

இத்தனைக்கும் பிறகு மாலையில்தான் அவளுடைய சொந்த விவசாயம் தொடங்கும். லயத்துக்குப் பின்னால் கிடைத்த துண்டு நிலத்தில் முருங்கை, கீரை, கத்தரி, பாகல், மரவள்ளி. முடிந்தவர்களுக்கு ஒரு மாடு, இரண்டு ஆடு, கோழிகள். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, கூலி கிடையாது. அந்த நாள்களில் குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காத்தது இந்தக் கொல்லையும் மாட்டுக் கொட்டகையும்தான். பால் விற்ற காசில் பிள்ளைக்குச் சட்டையும் சிலேட்டும் வாங்கினார்கள். இந்த நிலம் அவள் பெயரில் இல்லை, கணவன் பெயரிலும் இல்லை. தோட்ட நிர்வாகம் போ என்றால் பயிரை விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

கூலி விஷயத்தை மறைக்க ஒன்றுமில்லை. 1928 வாக்கில் செபராங் பிறையில் நிர்ணயக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்ததும் அதிலும் வெட்டு விழுந்தது. நிலைமையை ஆராய 1936இல் இந்திய அரசின் சார்பில் வந்த சீனிவாச சாஸ்திரி பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். அவர் கேட்டதும் 50க்கு 40 என்ற அதே கணக்குத்தான். ஒரே மரம், ஒரே உளி, ஒரே இருட்டு. பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதை அன்று பெரியவர்கள்கூட இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சாவு அவளுக்கு எப்போதும் பக்கத்தில் இருந்தது. மலேரியாக் காய்ச்சல் தொடக்ககாலத் தோட்டங்களில் ஆளை வாரிக்கொண்டு போனது. பிரசவம் லயத்து அறையிலேயே, மருத்துவச்சி கையில் நடக்கும். பெற்றவள் பிழைத்தாலும் பச்சை உடம்போடு சீக்கிரமே நிரைக்குப் போனாள். தாய் இறந்த வீட்டில் மூத்த மகள், பத்து வயதானாலும், அன்று முதல் தாய். அவளுடைய படிப்பு அத்தோடு நிற்கும். தோட்டத்துப் பள்ளிகளின் பழைய வரலாற்றில் பெண்பிள்ளைகள் ஏன் பாதியில் மறைந்துபோகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜப்பானியர் காலம் தனியே சொல்லவேண்டியது. பினாங்கில் 1941 டிசம்பரில் குண்டு விழுந்தது. ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை. தோட்டங்களிலிருந்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. அந்தப் பாதையின் துயரத்தை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் பதிவு செய்திருக்கின்றன. வீட்டில் எஞ்சிய பெண்கள் மரவள்ளி நட்டார்கள், கிழங்கைச் சீவிக் காயவைத்து மாவாக்கினார்கள், உடுத்தத் துணியில்லாமல் சாக்கைத் தைத்துக் கட்டினார்கள். புருஷன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாததால் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று கலங்கியவர்கள் எத்தனையோ பேர். இன்றைய பெரிய குடும்பங்கள் பலவும் அந்த மூன்றரை ஆண்டுகளில் ஒரு பெண் நட்ட கிழங்கைத் தின்று பிழைத்தவைதான்.

விடுதலைக்குப் பிறகும் நிம்மதி வரவில்லை. ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. அவற்றைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக, ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டச் சொல்லித் தோட்டம் தோட்டமாக நடந்தார். சங்கம் முதலில் வாங்கியது நமக்கு அருகிலுள்ள கூலிம் வட்டாரத்துப் புக்கிட் சீடிம் தோட்டம். அந்தப் பத்து வெள்ளியை வீட்டுச் செலவில் யார் மிச்சம் பிடித்தார்கள் என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்வதில்லை. 1969ஐ ஒட்டி வேலை அனுமதிச் சட்டம் வந்தபோது குடியுரிமை இல்லாதோர் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். ஏறாமல் நின்றவர்களில் பலர், ஆயுள் முழுவதும் இங்கே உழைத்த மூதாட்டிகள், குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாளக் கார்டோடுதான் கண் மூடினார்கள். பிறகு செம்பனை வந்தது. பெண்களுக்கு உதிரி பொறுக்கும் வேலையும் மருந்தடிக்கும் வேலையும் கிடைத்தன. பராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்த பெண்களின் மூக்கிரத்தத்தையும் நகச் சிதைவையும் தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டே அரசு தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது. முழுத்தடை 2020இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த மருந்தைச் சுவாசித்தவர்களும் நம் அம்மாக்களே.

இங்கிருந்து வடக்கே, கெடாவின் பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலில் (1981) பெரியாத்தாள் என்ற பாட்டி வருகிறாள். மூன்று மகன்களோடு வந்து இறங்கி, வீடு கட்டி, தோட்டம் போட்டு வாழ்கிறவள். அந்த மண்ணில் அவளுக்கு உரிமை இல்லை என்று நிர்வாகம் சொல்கிறது. அந்தப் போராட்டத்தினூடே சாகிறாள். நம் வட்டாரத்துத் தாய்மாரின் வாழ்வுக்கு இதைவிட நெருக்கமான எழுத்தை நான் படித்ததில்லை.

தோட்டத்தில் ஒருத்தி இறந்தால் அண்டைத் தோட்டங்களுக்குச் சாவு சொல்ல ஆள் போகும். பறை ஒலிக்க, தோட்டத்து மயானத்தில் அடக்கம் நடக்கும். மறுநாள் பால் தெளிப்பார்கள், பதினாறாம் நாள் கருமாதி. கல் நாட்ட வசதி இல்லாததால் ஒரு செடியோ மரக்கட்டையோ அடையாளம். தோட்டம் கைமாறி வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்த பல இடங்களில் அந்த அடையாளமும் போய்விட்டது. மேஃபீல்டு, மலாக்கோஃப் என்ற பெயர்கள் இன்று நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் நிற்கின்றன. அந்தத் தோட்டங்களில் உழைத்த பெண்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

எண்பதைத் தாண்டிய மூதாட்டிகள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வாசகர்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் பாட்டியின், பூட்டியின் முழுப்பெயர், பிறந்த ஊர், வந்த ஆண்டு, வேலை செய்த தோட்டம், பெற்ற பிள்ளைகள், இழந்த பிள்ளைகள், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, படம் இருந்தால் அதன் படியையும் சேர்த்து, மலர்க்குழுவிடம் கொடுங்கள். அடுத்த மலர் வெளிவரும்போது அந்தப் பட்டியலே முதல் பக்கத்தில் இடம்பெறவேண்டும்.