அச்சகம் வாங்கிய ஆலிம்: வக்கம் மௌலவியும் திருவிதாங்கூரின் பொதுவாழ்வும்

1910 செப்டம்பர் 26. திருவனந்தபுரத்தில் இயங்கிவந்த 'சுதேசாபிமானி' பத்திரிகை அலுவலகத்துக்குள் திருவிதாங்கூர் காவல்துறை நுழைந்தது. மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளின் அரச ஆணை ஒன்றுதான் அந்த நடவடிக்கைக்கு ஆதாரம். பத்திரிகை தடை செய்யப்பட்டது. அச்சு இயந்திரம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை கைதாகி, காவலுடன் எல்லை கடத்தப்பட்டு, பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட திருநெல்வேலியில் கொண்டுவிடப்பட்டார். நீதிமன்ற விசாரணை எதுவும் நடக்கவில்லை.

கேரளப் பத்திரிகை வரலாற்றில் இந்த நாடுகடத்தல் பெரிய அத்தியாயம். 'சுதேசாபிமானி' என்ற பெயரே ராமகிருஷ்ண பிள்ளையின் பெயருக்கு முன்னொட்டாக நிலைத்துவிட்டது. ஆனால் பத்திரிகையைத் தொடங்கியவரும், அச்சகத்துக்குச் சொந்தக்காரரும், அன்று தன் முதலீடு முழுவதையும் இழந்தவரும் ஓர் இஸ்லாமிய மார்க்க அறிஞர். வக்கம் முகம்மது அப்துல் காதர் மௌலவி என்பது அவர் பெயர். அரசியல் பத்திரிகை நடத்திய மௌலவி ஒருவர், சமயச் சீர்திருத்தம் பேசிய மௌலவி இன்னொருவர் என்று அவரை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. காலவரிசைப்படி பார்த்தால் இரண்டும் ஒரே பணியின் அடுத்தடுத்த கட்டங்கள் என்பது புலப்படும்.

பின்புலம்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, சிறையின்கீழ் தாலுகாவில் கடற்கரையை ஒட்டிய ஊர் வக்கம். 1873 டிசம்பர் 28 அன்று அங்கே செல்வாக்குள்ள ஒரு முஸ்லிம் குடும்பத்தில் அப்துல் காதர் பிறந்தார். குடும்பத்தின் வேர்கள் மதுரையிலும் ஐதராபாத்திலும் இருந்தன. தாய்வழி முன்னோர் பலர் திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றியவர்கள். தந்தை வணிகர். மகனுக்குக் கல்வி தர வெளியூர்களிலிருந்து அறிஞர்களை வரவழைத்தார். அரபு நாட்டிலிருந்து வந்த ஒருவரும் அவர்களுள் இருந்தார். அரபு, பாரசீகம், உருது, தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம் எனப் பல மொழிகள் அந்த இளைஞருக்கு வசமாயின.

அக்காலத் திருவிதாங்கூரில் ஒவ்வொரு சமூகமும் தன் உரிமைக்காகக் குரல் எழுப்பத் தொடங்கியிருந்தது. அரசுப் பதவிகளை வெளியிலிருந்து வந்தவர்கள், குறிப்பாகத் தமிழ்ப் பிராமணர்கள், நிரப்புகிறார்கள் என்று முறையிட்டு 1891இல் 'மலையாளி மெமோரியல்' என்ற மனு மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. 1903இல் ஸ்ரீநாராயண குருவைத் தலைவராகக் கொண்டு ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் உருவானது. 1907இல் தலித் தலைவர் அய்யங்காளி சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். முஸ்லிம்கள் மட்டும் இந்த ஓட்டத்தில் பின்தங்கியிருந்தார்கள். ஆங்கிலக் கல்வியை மட்டுமல்ல, மலையாள எழுத்தைக் கற்பதையும்கூட மார்க்கத்துக்கு ஆகாததாகக் கருதியவர்கள் அவர்களுள் பலர்.

இந்தச் சூழலில் மௌலவிக்குக் கெய்ரோவிலிருந்து ஒரு வழிகாட்டி கிடைத்தது. மார்க்கச் சீர்திருத்த அறிஞர் முகம்மது அப்துஹுவின் மாணவர் ரஷீத் ரிளா 1898இல் தொடங்கிய 'அல்மனார்' இதழ்தான் அது. முன்னோரைக் கண்மூடிப் பின்பற்றாமல் குர்ஆனையும் நபிவழியையும் நேரடியாக ஆராய வேண்டும், நவீன அறிவியலுக்கும் மார்க்கத்துக்கும் பகை இல்லை, சமூகத்தைத் திருத்த அச்சு ஊடகமே கருவி என்பவை அந்த இதழின் அடிப்படைகள். மௌலவி அதைத் தொடர்ந்து படித்தார். அதன் வழியில் நிறைய ஆலிம்கள் சிந்தித்திருக்கலாம். சொந்தப் பணத்தில் அச்சகமே வாங்கியவர் அரிது.

ஊருக்குப் பொதுவான பத்திரிகை

1905 ஜனவரி 19 அன்று அஞ்சுதெங்கில் 'சுதேசாபிமானி' வார இதழ் பிறந்தது. அச்சு இயந்திரத்தை மௌலவி இங்கிலாந்திலிருந்து தருவித்திருந்தார். முதல் ஆசிரியர் சி. பி. கோவிந்த பிள்ளை. மறு ஆண்டு ஜனவரியில் ராமகிருஷ்ண பிள்ளை பொறுப்பேற்றார். அச்சகம் வக்கத்துக்கு மாறி, 1907இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மார்க்க அறிஞர் ஒருவர் தொடங்கிய இதழ், மார்க்க இதழாக இல்லை. ஆசிரியர் நாயர் சமூகத்தவர். எழுதப்பட்ட பொருள் ஊழல், அதிகார மீறல், குடிமக்களின் உரிமை. முஸ்லிம்களுக்கென்று 'முஸ்லிம்' என்ற மாத இதழை மௌலவி 1906இல் தனியாகத் தொடங்கினார். நாட்டுக்குப் பொதுவானதையும் தன் சமூகத்துக்கு உரியதையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை என்பதற்கு இந்த இரட்டை ஏற்பாடே சான்று.

ராமகிருஷ்ண பிள்ளை நெய்யாற்றின்கரைக்காரர். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்தவர்களையும் பெயர் சொல்லித் தாக்கினார். (இந்தத் திவான், பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி அல்லர்.) மன்னராட்சியில் இப்படி எழுதினால் என்ன நேரும் என்பது அச்சக உரிமையாளருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆசிரியரின் பேனாவில் அவர் கை வைக்கவில்லை.

அந்தச் சுதந்திரத்தில் விளைந்த எல்லாமே பெருமைக்குரியதாக அமையவில்லை. புலையர் சிறுவர்களை மேல்சாதிச் சிறுவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதை எதிர்த்து 1910இல் ராமகிருஷ்ண பிள்ளை எழுதினார். அய்யங்காளி தலைமையில் தலித் மக்கள் பள்ளி நுழைவுக்காகப் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்குச் சாதகமாக நின்றதோ, அதே பத்திரிகை அன்றாடம் சாடிவந்த திவான் நிர்வாகம். உரிமைக்குரல் எழுப்பிய ஒரு பத்திரிகையின் மீது படிந்த கறை இது. ஆசிரியருக்கு முழு உரிமை கொடுத்த உரிமையாளரின் வரலாற்றிலும் இதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

தடைக்குப் பிறகு ராமகிருஷ்ண பிள்ளை திருவிதாங்கூருக்குத் திரும்பவே முடியவில்லை. மலபாரில் தங்கி, 1912இல் கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதினார். 1916 மார்ச் 28 அன்று கண்ணூரில் இறந்தபோது அவருக்கு வயது 37.

மௌலவியின் நிலை வேறு. அவர் நாடுகடத்தப்படவில்லை; ஊரிலேயே இருந்தார். அரசிடம் இறங்கிப் போனால் அச்சகம் திரும்பக் கிடைக்கும் என்று வேண்டியவர்கள் சொன்னார்கள். ஆசிரியர் இல்லாதபோது தனக்கு அச்சகம் எதற்கு என்று அவர் மறுத்ததாகக் கேரளத்தில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அச்சகம் அவர் ஆயுள்காலத்தில் திரும்பவில்லை. நாடு விடுதலை பெற்று, கேரள மாநிலம் உருவான பின்னரே அது குடும்பத்தின் கைக்கு வந்தது.

பள்ளிக்கூடத்துக்குள் அரபு

அச்சகத்தைப் பறிகொடுத்தவர் அதே அரசிடம் தன் சமூகத்துக்குக் கல்வி கேட்டுப் போனார். முஸ்லிம் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வராததற்கு முக்கியக் காரணம் அங்கே மார்க்கக் கல்விக்கு இடமில்லாததே என்று மௌலவி கண்டார். பள்ளியிலேயே அரபு கற்பித்தால் பெற்றோரின் தயக்கம் நீங்கும். எனவே அரசுப் பள்ளிகளில் அரபுப் பாடம், முஸ்லிம் மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை, உதவித்தொகை ஆகியவற்றை வலியுறுத்தினார். அரசு ஏற்றுக்கொண்டது.

கோரிக்கை நிறைவேறியதும் வேலை முடிந்தது என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. பாடநூல் இல்லை. குழந்தைகளுக்கான அரபுப் பாடநூல்களை அவரே எழுதினார். பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. தொடக்கப்பள்ளி அரபு ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேட்டையும் எழுதினார். ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வு வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதன் பேரில் தேர்வு ஏற்படுத்தப்பட்டது; அதன் தலைமைத் தேர்வாளராகவும் அவரையே அரசு நியமித்தது. பள்ளிவாசல் ஓதுகூடத்தில் ஒதுங்கியிருந்த அரபு ஆசிரியருக்கு அரசு ஊழியர் என்ற தகுதி கிடைத்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது திருவிதாங்கூரின் பகுதி என்பதால், இது தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றோடும் தொடர்புடைய செய்தி.

உள்ளுக்குள் ஒரு போராட்டம்

1918இல் 'அல்இஸ்லாம்' இதழ் வந்தது. முஸ்லிம்கள் மலையாளம் கற்க வேண்டும் என்று ஓயாமல் சொன்னவர், இந்த இதழை அரபு மலையாளத்தில் அச்சிட்டார். மலையாள மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் அரபுத்தமிழுக்குச் சகோதர முறை. சாதாரண முஸ்லிம்கள் பலருக்கு, பெண்கள் உட்பட, படிக்கத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். அவர்களுக்குத் தெரிந்த எழுத்தின் வழியாகவே அவர்களிடம் போனார்.

வரதட்சணை, திருமணத்தில் வீண்செலவு, நேர்ச்சை, உரூஸ், முஹர்ரம் கொண்டாட்டங்களின் ஆரவாரம் ஆகியவற்றை இதழ் கண்டித்தது. பெண் கல்விக்காக வாதாடியது. பழைமை பேணிய ஆலிம்கள் எதிர்த்தார்கள். படிக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். ஐந்து இதழ்களோடு 'அல்இஸ்லாம்' நின்றது. ஆயுள் குறுகியதானாலும், கேரள முஸ்லிம்களிடையே மார்க்கச் சீர்திருத்தத்தை இதழ் வழியாக எடுத்துச்சென்ற முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று.

அடுத்த கட்டம் அமைப்பு. 1922இல் கொடுங்ஙல்லூரில் முஸ்லிம் ஐக்கிய சங்கம் உருவானதில் மௌலவியின் வழிகாட்டல் பெரிது. எறியாட்டில் நடந்த முதல் ஆண்டு மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். 1924இல் ஆலுவாவில் நடந்த இரண்டாம் மாநாட்டுக்கு வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியின் முதல்வர் அப்துல் ஜப்பார் ஹஸ்ரத் தலைமை தாங்கினார். கேரள ஜமிய்யத்துல் உலமா பிறந்தது அங்கேதான். தெற்கே திருவிதாங்கூர் முஸ்லிம் மகாஜன சபை போன்ற அமைப்புகளிலும் மௌலவியின் உழைப்பு இருந்தது. திருவனந்தபுரத்தில் படித்த காலத்தில் அவரிடம் பழகிய கே. எம். சீதி சாகிப், பின்னாளில் கேரளச் சட்டமன்றத்தின் சபாநாயகரானார்.

1931இல், உடல்நலமும் செல்வமும் குன்றியிருந்த நிலையிலும், 'தீபிகா' என்ற இதழைத் தொடங்கினார். இது மலையாள எழுத்திலேயே வந்தது. குர்ஆன் மொழிபெயர்ப்பும் விளக்கமும் அதில் இடம்பெற்றன. இஸ்லாமியா பதிப்பகத்தை ஏற்படுத்தி, கலீஃபா உமரைப் பற்றி அல்லாமா ஷிப்லி எழுதிய 'அல்ஃபாரூக்' நூலை மலையாளத்தில் கொண்டுவந்தார். 1932 அக்டோபர் 31 அன்று காலமானார்.

மதிப்பீடு

1905 முதல் 1932 வரையிலான இந்த வரிசையில் ஒரு தொடர்ச்சி தெளிவாகத் தெரிகிறது. அநீதியைக் கண்டால் வாய்திறப்பது ஆலிமின் மார்க்கக் கடமை என்று மௌலவி கொண்டார். அநீதி அரண்மனையில் இருந்தாலும் சரி, சொந்த ஜமாஅத்தில் இருந்தாலும் சரி. முன்னதற்காக அச்சகத்தை இழந்தார். பின்னதற்காகச் சொந்தச் சமூகத்தாரின் ஏச்சை வாங்கினார். இரண்டு முறையும் அவர் கையிலெடுத்த கருவி அச்செழுத்து. அதுவரை மிம்பரும் ஓதுகூடமுமே ஆலிமின் எல்லை என்றிருந்த திருவிதாங்கூரில், பத்திரிகை உரிமையாளர், பாடநூல் ஆசிரியர், அமைப்பாளர் என்று அந்த எல்லையை விரித்தவர் அவர்.

ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் சிலை இருக்கிறது. சுதேசாபிமானியின் பெயரில் கேரள அரசு விருது வழங்குகிறது. இரண்டும் தகுதியானவை. அந்தப் பெயருக்குப் பின்னால் நின்ற மௌலவியைத் தமிழில் எழுதியவர்கள் மிகக் குறைவு. அரபு மலையாள இதழ்களையும் நம் அரபுத்தமிழ் இதழ்களையும் அருகருகே வைத்துப் படிக்கக்கூடிய இளம் ஆய்வாளர்கள் இந்தப் பணியை ஏற்க வேண்டும். வேலூரும் வக்கமும் ஆலுவாவும் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட அந்தக் காலத்தின் முழு வரலாறு அப்போதுதான் எழுதப்படும்.