தொடுவதற்கு முன்: கொச்சித் தமிழ் வண்ணாரும் ஊறவைத்தலின் வரலாறும்

துவைப்பதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அடிப்பதையும் தேய்ப்பதையும் எழுதுகின்றனர். துவைத்தவர்களின் அறிவோ அதற்கு முந்தைய கட்டத்தில் இருந்தது. அழுக்கைக் கையால் தொடுவதற்கு முன்பே அதன் பிடியைத் தளர்த்திவிட வேண்டும். தளராத அழுக்கைத் தேய்த்தால் அழுக்கோடு பொருளும் தேயும். இந்த விதியை இன்று மிகத் தெளிவாகக் காட்டுவது, கார் கழுவும் நிலையங்களில் 'ஃபோம் வாஷ்' என்று சொல்லப்படும் முன்கழுவல். கொச்சியில் இதே விதியை நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் ஒரு தமிழ்ச் சமூகம், மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியின் தோபிகானாவில் இன்றும் துவைத்துக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தொழில்நுட்ப வரலாறு எதை அறிவென்று எழுதுகிறது, எதை வெறும் உழைப்பென்று ஒதுக்குகிறது என்பது புலப்படும்.

முதலில் புதியதைப் பார்ப்போம். காரின் வண்ணப்பூச்சுக்கு மேலே உள்ள ஒளிபுகும் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே தடிமன் உடையது. சாலைப் புழுதியில் கலந்திருக்கும் மணல்துகள் அதைவிடக் கடினமானது. புழுதியின் மேல் துணியை இழுத்தால் துகள்கள் படலத்தைக் கீறும். வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலைபோல் தெரியும் கோடுகள் இவ்வாறு தோன்றுபவையே. இதைத் தவிர்க்கவே 'ஸ்நோ ஃபோம் லான்ஸ்' என்னும் குழல் பயன்படுகிறது. உயர்அழுத்த நீர் ஒரு சிறு துளை வழியே பாயும்போது ஏற்படும் தாழ்அழுத்தம், கீழே பொருத்திய குப்பியிலிருந்து சோப்புக் கரைசலை மேலே இழுக்கிறது. பக்கத் துளை வழியே காற்றும் சேர்கிறது. கம்பி வலைச் சுருள் ஒன்று இம்மூன்றையும் நுண்குமிழிகளாக உடைக்க, தடித்த வெண்ணுரை வெளிப்படுகிறது.

அழுக்கை எடுப்பது நுரையிலுள்ள காற்றன்று. குமிழிச் சுவர்களில் இருக்கும் கரைசலே. வெறும் கரைசலாக இருந்தால் கதவின் செங்குத்துப் பரப்பில் நொடிகளில் வழிந்தோடிவிடும். நுரை அதைச் சில நிமிடங்கள் அங்கேயே பிடித்துவைக்கிறது. அதற்குள் கரைசல் துகளுக்கும் பூச்சுக்கும் இடையே புகுந்துவிடும். பின்னர் நீரைப் பாய்ச்சினால் தளர்ந்த புழுதி கீழே போகும். எஞ்சிய படலத்தை மட்டும் கையால் கழுவினால் போதும். நுரையை உலரவிடக் கூடாது என்பது இத்தொழிலின் முதற்பாடம். ஆக, இங்கு விலைமதிப்புள்ள பொருள் நுரையைவிட, அது ஈட்டித்தரும் நேரமே.

இனிப் பழையது. நெதர்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றியது. 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை டச்சுக்காரர் அழைத்துவந்தனர் என்பது அச்சமூகத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 'வெளி' என்னும் இடப்பெயரைத் தமிழர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழிலும் மலையாளத்திலும் அது திறந்த நிலத்தைக் குறிக்கும். வெளுத்த துணி உலர வேண்டியது அத்தகைய நிலத்தில்தான். மட்டாஞ்சேரிப் பக்கத்தில் 'பாண்டிக்குடி' என்றே ஓர் இடம் உண்டு. மலையாள வழக்கில் 'பாண்டி' என்பது தமிழ்நாட்டைச் சுட்டும் சொல். ஊர்ப்பெயர்கள் எழுதாத ஆவணங்கள் என்பதற்கு இவை சான்று.

ஆட்சி எல்லைகளும் இக்குடியேற்றத்தைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் நாட்டைச் சேர்ந்தது. ஒட்டியிருந்த ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷ் நிலம். 1866இல் நகராட்சியாகி, சென்னை மாகாணத்தின் ஒரு துண்டாகவே நெடுங்காலம் இருந்தது. சில தெருக்களைக் கடந்தால் அரசு மாறும். 1956இல் கேரள மாநிலம் உருவானபோதுதான் இரு பகுதிகளும் ஒரே மாநிலத்திற்குள் வந்தன. 1967இல் எர்ணாகுளத்தோடு சேர்ந்து ஒரே மாநகராட்சியாயின. 1956 வரை ஃபோர்ட் கொச்சியில் குடியிருந்த தமிழ் வண்ணார் சென்னையின் ஆட்சிக்குட்பட்டே வாழ்ந்தனர். குளக்கரைகளில் துவைத்துவந்தவர்களுக்கு இன்றைய தோபிகானாவைப் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976இல் கட்டிக்கொடுத்தது. அதை நடத்துவது வண்ணார் சங்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துவைதொட்டி, துவைகல். பின்புறம் திறந்த உலர்களம். அங்கே கொடிக்கயிறுகளில் கவ்விகள் இல்லை. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணி முனையைச் செருகிவிடுவார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் நழுவாது.

உள்ளூரில் வெளுப்போர் இல்லாததால் தமிழர் வரவழைக்கப்பட்டனர் என்று கருத முடியாது. கேரளத்தில் மண்ணான், வண்ணான், வேலன், வெளுத்தேடன் எனப் பல பெயர்களில் இத்தொழிலுக்குரிய சாதிகள் இருந்தன. ஆனால் அவர்களது உறவு அழுக்கோடு மட்டும் முடிவதன்று. பிறப்பு, பூப்பு, இறப்பு ஆகியவற்றின் தீட்டு நீங்க, உரிய சாதியார் வெளுத்துக் கொடுக்கும் 'மாற்று' என்னும் துணி தேவை. எந்த வீட்டுக்கு யார் மாற்றுக் கொடுப்பது என்பது உரிமையாகவும் கடமையாகவும் வகுக்கப்பட்டிருந்தது. படைமுகாமுக்குத் தேவைப்பட்டதோ சடங்கற்ற, அளவில் பெரிய, கூலிக்குரிய வெளுப்பு. சடங்குக் கட்டிலிருந்து விலகிவந்த குடும்பங்கள் அதற்குப் பொருந்தின என்று கருத இடமுண்டு. அவ்வாறெனில், இக்குடியேற்றம் ஊர்த்தொழில் நகரத்தொழிலாக மாறியதன் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.

அவர்களது மரபுத் தொழில்நுட்பத்தின் மையம் வெள்ளாவி. அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, நன்றாகப் பிழியாமல், நீர் நிரப்பிய பெரிய பானையின் வாயைச் சுற்றி அடுக்குவர். மேலே மூடி, அடியில் இரவு முழுவதும் எரிப்பர். ஆவி கீழிருந்து மேலாக ஒவ்வொரு மடிப்பிலும் புகும். உவர்மண்ணில் இருப்பது முக்கியமாகச் சோடியம் கார்பனேட். இக்காரம் வெப்பத்தில் துணியிலுள்ள எண்ணெய்ப் பசையோடு வினைபுரிந்து, அப்பசையின் ஒரு பகுதியையே சோப்பாக மாற்றுகிறது. அழுக்கே தன்னை நீக்கும் பொருளாகிவிடுகிறது. உடல்நலக் கோணத்தில் பார்த்தால், நீராவி நோய்க்கிருமிகளையும் அழிக்கிறது. விடிந்தபின் துறையில் அடிப்பதெல்லாம், ஏற்கெனவே பிடிவிட்ட அழுக்கை நீரோடு அனுப்பும் இறுதிப் பணி. நுரைக்குழல் ஐந்து நிமிடத்தில் செய்வதை வெள்ளாவி ஓர் இரவில் செய்தது: காரம், நேரம், பின்னர் நீர். தொடுதல் கடைசியில்தான்.

இவ்வறிவின் தொன்மைக்குச் சங்க நூல்களே சான்று. புறநானூற்று 311ஆம் பாடல், புலைத்தி களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் ஆடை வெளுப்பதைச் சொல்கிறது. குடிப்பதற்குதவாத அந்நீரைத் தேர்ந்தது வறுமையால் என்று படிப்போரும் உண்டு. வேதியியல் தெரிந்தவருக்கு அது காரம் கலந்த இயற்கைக் கரைசல். நற்றிணை 90ஆம் பாடலில் ஆடைக்கு இரவில் சோற்றுக்கஞ்சி தோய்க்கும் செய்தி வருகிறது. கஞ்சி மொடமொடப்புக்கு மட்டும் உரியதன்று. நூலின் மேல் படியும் அப்படலத்தில்தான் அடுத்த அழுக்குத் தங்கும். அடுத்த வெளுப்பில் கஞ்சி கரையும்போது அழுக்கும் உடன் போகும். காரின் மேல் மெழுகு பூசுவோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். பெரியபுராணத்தின் திருக்குறிப்புத் தொண்டர் வரலாற்றிலோ நேரமே சோதனையாகிறது. காஞ்சிபுரத்து ஏகாலியரான அவர், பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக ஒரு அடியாரின் கந்தையை வாங்குகிறார். மழை விடாமல் பெய்கிறது. சொன்ன நேரம் தவறிய துயரில் துவைகல்லில் தலையை மோதத் துணிகிறார். வெளுப்பவரின் வாழ்க்கை வெயிலோடும் கடிகையோடும் கட்டுண்டது என்பதை அறிந்தவரே அக்கதையைச் சொல்லியிருக்க முடியும்.

வண்ணார் தொழிலுக்கு எழுத்தும் இருந்தது. சேங்கொட்டைச் சாற்றால் துணியின் மூலையில் இடும் புள்ளிகளும் கோடுகளும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. வெள்ளாவியிலும் போகாத மை அது. அது தோலையும் பாதிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படையினரிடம் இக்குறியால் தோல் அழற்சி தோன்றியதை அந்நாட்டு மருத்துவர்கள் 1943இல் பதிவுசெய்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று கணக்கெடுப்புகள் கருதிய மக்களிடம், ஆயிரக்கணக்கான துணிகளைப் பிழையின்றிப் பிரிக்கும் குறியமைப்பு இருந்தது.

கொச்சிக்குரிய தனிச்சிக்கல் நீர். காயல் சூழ்ந்த மண்ணில் நிலத்தடி நீர் உவர்ப்பேறியது. விலங்குக் கொழுப்புச் சோப்பு அத்தகைய நீரில் எளிதில் நுரைக்காது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்புநீரிலும் நுரைக்கும். கப்பலோட்டிகள் அதை விரும்பியது இதனால்தான். கொச்சியைச் சுற்றித் தென்னைக்குக் குறைவில்லை. டாட்டா எண்ணெய் ஆலை எர்ணாகுளத்தின் டாட்டாபுரத்தில் தேங்காய் எண்ணெயில் தொடங்கிப் பின்னர் 501 துணிச் சோப்பு, ஹமாம் என விரிந்தது. 1959இல் சர்ஃபும் 1969இல் நிர்மாவும் வந்தபின் செயற்கைச் சலவைத்தூள் எந்நீரிலும் நுரைத்தது. உவர்மண் தேடிப்போகும் தேவை குறைந்தது. இன்றைய கார் நுரையும் அந்தச் சலவைத்தூளின் வழித்தோன்றலே.

இங்கே ஒரு முரண் நிற்கிறது. கையே படாமல் கழுவுதலை இன்றைய விளம்பரங்கள் உயர்ந்த சேவை என்கின்றன. அங்கே தொடாமை பூச்சைக் காக்கிறது. பிறர் அழுக்கைத் தொட்டதற்காகவே தீண்டத்தகாதோராக, சில ஊர்களில் காணவும் தகாதோராக நடத்தப்பட்ட மக்களின் வரலாற்றில் தொடாமை என்பது மனிதரை விலக்கிய சொல். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994இல் புதிரை வண்ணார் வாழ்வைக் காட்டியபோது தமிழ் வாசகர் பலர் அதிர்ந்தது, தாம் உடுத்திய துணிக்குப் பின்னாலிருந்த அவ்விலக்கலை முதன்முறையாகக் கண்டதால்தான்.

ஊறவைக்கும் நேரத்தை நொடிக்கணக்கில் சொல்லும் கருவி விளக்கக் குறிப்பை நாம் தொழில்நுட்பம் என்கிறோம். எந்த மண், எவ்வளவு தீ, எப்போது இறக்குவது என்று முடிவெடுத்த மனத்தைக் 'குலத்தொழில்' என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அச்சொல் இரட்டைத் தீங்கு செய்கிறது: தொழிலைப் பிறப்போடு கட்டுகிறது, கற்று அடைந்த அறிவை இரத்தத்தில் வந்ததாகக் காட்டி அறிவென்ற தகுதியையும் பறிக்கிறது. வெளியிலுள்ள குடும்பங்களின் அடுத்த தலைமுறை இத்தொழிலைத் தொடர வேண்டும் என்று கோர யாருக்கும் உரிமையில்லை. அவர்கள் விட்டுச்செல்வது விடுதலையாகவும் இருக்கலாம். ஆனால் வெள்ளாவிப் பக்குவம், குறிகள், கயிற்றுமுறுக்கு, இவற்றுக்குரிய சொற்கள் ஆகியவற்றை அத்தலைமுறை இருக்கும்போதே அவர்கள் பெயராலேயே பதிவுசெய்யும் கடமை மொழியியலுக்கும் வரலாற்றுத் துறைக்கும் உண்டு. கேரள மண்ணில் பேசப்படும் ஒரு தமிழின் தொழிற்சொற்கள் என்பதால் அக்கடமை இருமடங்கு.