எழுத்துக்கு ஒரு திரை, படத்துக்கு ஒரு திரை

கணினிக்கு மானிட்டர் ஒன்று, கூடவே டிவி ஒன்று என இரண்டு திரைகளைப் பொருத்துவது எச்டிஎம்ஐ கேபிள் மலிந்த பிறகு வந்த சொகுசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வீட்டுக்குள் நுழைந்த கணினி முதலில் ஒட்டிக்கொண்டதே டிவியோடுதான். 1977இன் ஆப்பிள் 2, 1982இன் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 ஆகியவையெல்லாம் கூடத்தில் ஏற்கெனவே இருந்த டிவியை நம்பி விற்கப்பட்டவை. மானிட்டர் பிறகு வந்து மேசையைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் டிவி முழுதாக வெளியேறவில்லை. இரண்டும் ஒரே கணினியில் சேர்ந்து நின்றதற்குக் கூடுதல் இடம் தேடியது மட்டும் காரணமல்ல. எழுத்தையும் படத்தையும் ஒரே திரையால் சரிவரக் காட்ட முடியாததே முதல் காரணம்.

ஸ்பெக்ட்ரம் ஒரு வரிக்கு 32 எழுத்துகளைக் காட்டியது. ஆப்பிள் 2, கொமடோர் 64 இரண்டும் 40. அலுவலக வேலைக்கு 80 வேண்டும். ஆண்டெனா துளை வழியாக அத்தனை எழுத்துகளை அனுப்பினால் சாதாரண டிவியில் அவை ஒன்றோடொன்று குழைந்துவிடும். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது இந்தச் சிக்கலைத் தீர்க்காமல் இரண்டாகப் பிரித்துவிட்டது. எம்டிஏ என்ற அட்டை எழுத்துக்கு மட்டும்: 80 எழுத்து, 25 வரி, ஒரே நிறம். அது வினாடிக்குச் சுமார் 18,400 கோடுகளை வரைந்தது. அமெரிக்க டிவியின் வேகமோ சுமார் 15,700 என்பதால் டிவியில் அதைக் காட்டவே வழியில்லை. சிஜிஏ என்ற மற்றொரு அட்டை டிவியின் வேகத்திலேயே ஓடி, வண்ணப் படம் காட்டியது. அதன் எழுத்துகள் மட்டும் கரடுமுரடாக இருந்தன. இரண்டுக்கும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரிகள் இருந்ததால் ஒரே பெட்டிக்குள் இரண்டையும் செருகலாம். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 இதைப் பயன்படுத்திக்கொண்டது. அட்டவணை ஒற்றை நிறத் திரையில் நிற்க, அதன் வரைபடம் வண்ணத் திரையில் விரியும். நிரலாளர்களும் ஒரு திரையில் நிரலை ஓடவிட்டு, மற்றதில் அதன் பிழைகளைத் துழாவினார்கள்.

மானிட்டர் வாங்கக் காசில்லாதவர்கள்தான் டிவியைப் பயன்படுத்தினார்கள், இதில் வேறு தத்துவம் எதற்கு என்று கேட்கலாம். ஸ்பெக்ட்ரம் வாங்கியவர்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் 1985இன் கொமடோர் 128க்கு அந்த விளக்கம் போதாது. அதில் டிவிக்கென 40 எழுத்துச் சில்லு ஒன்று, மானிட்டருக்கென 80 எழுத்துச் சில்லு ஒன்று. இரண்டு திரைகளையும் ஒருசேர இணைக்கலாம். பழைய கொமடோர் 64 நிரல்கள் ஓடவேண்டும் என்பதற்காகத்தான் முதல் சில்லு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் 80 எழுத்துக்காக வீட்டுக் கணினி ஒன்றில் இரண்டாம் சில்லைத் தனியே சேர்த்தது சிக்கனம் பார்ப்பவர் செய்யும் காரியமல்ல.

1987இல் வந்த விஜிஏ வினாடிக்குச் சுமார் 31,500 கோடுகள் என்று ஓடத் தொடங்கியதும் டிவியுடனான உறவு அறுந்தது. 90களில் டிவிக்கும் படம் அனுப்பும் அட்டைகள் வந்தன. ஆனால் ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாறி மாறி வரையும் டிவியில், கணினியின் மெல்லிய கோடுகள் கண்ணை உறுத்தும்படி நடுங்கின. பல திரைகளைச் சேர்த்து நடத்தும் வசதியை விண்டோஸ் 98 தந்தது. 1999இல் மேட்ராக்ஸ் ஜி400 அட்டை, மானிட்டரில் வேலை நடக்கும்போதே டிவிடி படத்தை டிவியில் முழுத்திரையாக ஓட்டியது. தொழில்நுட்பம் எவ்வளவோ மாறியும் படம் டிவிக்கு, எழுத்து மானிட்டருக்கு என்ற பழைய பாகப்பிரிவினைதான்.

இன்று இரண்டுமே தட்டைத் திரைகள், புள்ளிக்கணக்கும் ஒன்றே, இனி என்ன வேறுபாடு என்பது வலுவான கேள்வி. பாதி உண்மையும்கூட. ஆனால் குழாய் டிவியில் படத்தின் ஓரம் ஒழுங்காக அமையாது என்பதால், படத்தைச் சற்றே பெரிதாக்கிச் சட்டத்துக்கு அடியில் ஒளித்தார்கள். அந்தத் தேவை ஒழிந்த பிறகும் தட்டை டிவிகள் பலவும் அதே வழக்கத்தோடு வந்தன; இணைத்த உடனே கணினித் திரையின் அடிப்பட்டை பாதி காணாமல் போவது அதனால்தான். திரைப்படத்துக்குப் போதுமானது என்று நிறத் தகவலைக் குறைத்துக் காட்டும் பழக்கமும் டிவியை விடவில்லை. அதனால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கசிந்து தெரியும். பல டிவிகளில், அமைப்புக்குள் போய் அந்த இணைப்புக்கு ‘பிசி’ என்று பெயர் வைத்தால்தான் கசிவு நிற்கிறது.