டோரிஷிமா: ஓடத் தெரியாத பறவையின் தீவு

டோக்கியோவுக்குத் தெற்கே கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் போனால் கடலுக்கு நடுவே ஓர் எரிமலைத் தீவு வரும். டோரிஷிமா என்று பெயர், பறவைத் தீவு என்று அர்த்தம். இன்று அங்கே நிரந்தரமாக யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் ஒரு பறவை இனத்தின் மொத்தக் கதையும் இந்தச் சின்னத் தீவில்தான் நடந்தது.

அந்தப் பறவை குட்டைவால் ஆல்பட்ராஸ். இறக்கையை விரித்தால் 2 மீட்டருக்கும் மேல் இருக்கும். கடலுக்கு மேலே காற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கையை அதிகம் அசைக்காமலே நெடுநேரம் மிதக்கும். தரைக்கு வந்தால் கதையே வேறு. எழும்புவதற்குக் கொஞ்ச தூரம் தத்தித் தத்தி ஓடணும். மனுஷன் பக்கத்தில் வந்தாலும் பயப்படாது, ஏன்னா அது வளர்ந்த தீவுகளில் பயப்பட வேண்டிய மிருகம் எதுவும் இருந்ததில்லை. ஜப்பானியர் இதற்கு வைத்த பெயர் அஹோடோரி, அதாவது முட்டாள் பறவை.

இந்த "முட்டாள்தனம்" ஒரு காலத்தில் மனிதர்களுக்குச் சோறு போட்டது. 1785-ல் டோஸா பகுதியைச் சேர்ந்த சோஹேய் என்ற மாலுமி புயலில் சிக்கி இங்கே ஒதுங்கினார். கூட வந்தவர்கள் இறந்துபோனார்கள். அவர் ஆல்பட்ராஸ் இறைச்சியைக் காயவைத்து வைத்துக்கொண்டு 12 வருஷம் உயிரோடு இருந்தார். பின்னால் வந்து ஒதுங்கிய மற்றவர்களோடு சேர்ந்து, கரை ஒதுங்கிய மரத்துண்டுகளால் ஒரு படகு கட்டி 1797-ல் தப்பினார். 1841-ல் அதே டோஸாவிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட மஞ்சிரோ என்ற 14 வயதுப் பையனும் அவன் கூட்டாளிகள் நால்வரும்கூட இந்தப் பறவையைத் தின்றுதான் பிழைத்தார்கள். அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று அவர்களை மீட்டது. அந்த மஞ்சிரோதான் பிறகு ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகப் பேர் வாங்கியவர்.

பசிக்காகக் கொன்றவரை பறவைக்கு ஒண்ணும் ஆகவில்லை. நிலைமையை மாற்றியது வியாபாரம். ஹச்சிஜோ தீவைச் சேர்ந்த டமாவோகி ஹானெமோன் 1887 வாக்கில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மெத்தைக்கும் தொப்பிக்கும் இறகு வேண்டும் என்று மேற்கு நாடுகளில் நல்ல கிராக்கி. துப்பாக்கிக்குக்கூடச் செலவில்லை, ஒரு தடி போதும். 15 வருஷத்தில் சுமார் 50 லட்சம் பறவைகள் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள்.

இறகு வேட்டை ஒரு தீவோடு நிற்கவில்லை. இறகைத் தேடிப் போனவர்களின் பின்னாலேயே ஜப்பானியக் கொடியும் பசிபிக்கில் நகர்ந்தது. 1898-ல் மினாமி டோரிஷிமா ஜப்பானோடு சேர்க்கப்பட்டது. 1900-ல் டமாவோகியின் ஆட்கள் மினாமி டைட்டோவில் குடியேறிக் கரும்பு போட்டார்கள். ஹவாய்க்கு மேற்கே உள்ள தீவுகளிலும் வேட்டை நடந்தது. அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் அவற்றைப் பறவைக் காப்பகமாக அறிவித்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இதற்கிடையில், 1902 ஆகஸ்டில் டோரிஷிமா எரிமலை வெடித்தது. தீவில் இருந்த 125 பேரும் இறந்துபோனார்கள். அப்புறமும் ஆட்கள் வந்தார்கள். 1930-ல் பறவையியலாளர் யமஷினா யோஷிமாரோ வந்து பார்த்துவிட்டுப் பாதுகாப்புக் கேட்டுப் போராடினார். 1933-ல் தடை வந்தது. ஆனால் தடை வரப்போவது தெரிந்ததும், மிஞ்சியிருந்தவற்றில் சுமார் 3000 பறவைகளை அவசர அவசரமாக அடித்துத் தள்ளிவிட்டார்கள். 1939-ல் எரிமலை மறுபடி வெடித்தது. 1949-ல் அமெரிக்கப் பறவையியலாளர் ஆலிவர் ஆஸ்டின், இந்த இனம் அழிந்துவிட்டதாகவே தெரிகிறது என்று எழுதினார்.

ஆனால் 1951 ஜனவரியில் அங்கிருந்த வானிலை நிலைய ஊழியர்கள் ஒரு சரிவில் பத்துப் பறவைகளைப் பார்த்தார்கள்!

எங்கிருந்து வந்தன? விடை கடலில் இருக்கிறது. குஞ்சு பறக்க ஆரம்பித்ததும் தீவை விட்டுக் கிளம்பிவிடும். அலாஸ்கா வரைக்கும் சுற்றும். சில வருஷம் கரை பக்கமே வராது. அதாவது, தீவில் இருந்த அத்தனை பறவைகளையும் கொன்றாலும், அந்த இனத்தின் இளவட்டம் மனிதன் தடி எட்டாத தூரத்தில் இருந்தது. பிறந்த இடத்துக்கே திரும்பி வரும் பழக்கம்தான் பறவையைக் கொலைகாரர்கள் கையில் கொடுத்தது. திரும்பி வர எடுத்துக்கொள்ளும் தாமதம்தான் இனத்தைக் காப்பாற்றியது.

மீதி வேலையை ஹசெகாவா ஹிரோஷி என்ற ஆய்வாளர் 1970-களில் தொடங்கினார். சாம்பல் சரிவில் முட்டைகள் உருண்டு போவதைப் பார்த்து, அங்கே புல் நட ஏற்பாடு செய்தார். 1990-களில் தீவின் இன்னொரு பக்கத்தில், எரிமலைச் சேறு சரிந்து வராத இடத்தில், பொம்மைப் பறவைகளை நிறுத்தி, பதிவு செய்த குரலைப் போட்டு ஜோடிகளை வரவழைத்தார்கள். எரிமலை எப்ப வேணும்னாலும் வெடிக்கலாம் இல்லையா? அதனால் 2008 முதல் 2012 வரை 70 குஞ்சுகளை முகோஜிமா தீவுக்குக் கொண்டுபோய்க் கையால் ஊட்டி வளர்த்தார்கள். இன்று இந்த இனம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை போடும் பறவை இது. 15 வருஷத்தில் அழித்ததில் சின்னப் பங்கு திரும்பி வரவே எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஹசெகாவாவுக்கு இன்னொரு ஆசையும் உண்டு. முட்டாள் பறவை என்ற பெயரை விட்டுவிட்டு, ஒகினோடாயூ என்ற பழைய வட்டாரப் பெயரால் இதை அழைக்கணும் என்கிறார். தூரக்கடலில் வாழும் பெரிய மனிதர் என்பதுபோல ஒரு மரியாதைப் பெயர் அது. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. ஓடாமல் நின்றதுக்காக ஒரு பறவையை முட்டாள் என்று சொன்னால், அடித்தவனுக்கு என்ன பெயர் வைப்பது?