புறநானூற்று மற்போரில் கால்களின் பங்கு: போரவைக்கோப் பெருநற்கிள்ளி பற்றிய பாடல்களை முன்வைத்து

முன்னுரை

கொங்கு நாட்டிலிருந்து வாளையாறு, கஞ்சிக்கோடு வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து செல்வோர் அம்மாவட்டத்தின் பல்லசனா என்னும் ஊரில் இன்றும் ஒரு பழைய போர்விளையாட்டைக் காணலாம். ஓணநாட்களில் நிகழும் இதனை ஓணத்தல்லு என்பர். ஊரார் இரு அணியாகப் பிரிந்து நின்று மோதுவர். விரித்த உள்ளங்கையால் அடிக்கலாமே அன்றி, முட்டியால் குத்துதலும் காலால் உதைத்தலும் இதில் விலக்கு. ஓணநாளில் மறவர் தம்முள் மோதும் வழக்கம் பழமையானது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, திருமாலுக்குரிய ஓணநாளில் மதுரையில் நிகழ்ந்த சேரிப்போரைக் குறிப்பிடுகிறது. ஓணத்தல்லுக்கும் அதற்கும் உள்ள ஒப்புமை ஆய்வாளர் பலரால் சுட்டப்பெற்றதாகும்.

கையால் அடித்துப் பொரும் போர்முறை இவ்வாறு ஒரு விழாவில் நிலைபெற்றிருக்க, உடலால் பற்றிக் காலால் அடக்கிப் பொரும் மற்போரின் நுட்பம் தமிழில் எங்கே பதிவாகியுள்ளது என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடையாக அமைவது புறநானூற்றின் 80ஆம் பாடல். அப்பாடல் கால்களின் நிலையை ஏன் அத்துணை நுட்பமாகக் கூறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறு பாடல்கள்

சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி குறித்துப் புறநானூற்றில் 80 முதல் 85 முடிய ஆறு பாடல்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை. பின் மூன்றும் பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார் பாடியவை. கிள்ளி, உறையூர்த் தித்தனின் மகன். தந்தையோடு மாறுபட்டு வேற்றூரில் அவன் தங்கியிருந்தான் என்பது பாடற்குறிப்புகளால் உய்த்துணரப்படுகிறது. அவன் புற்கை உண்டு வாழ்ந்ததை 84ஆம் பாடல் கூறுகிறது. அவ்வூரும் அந்நாடும் அவனுடையவை அல்ல என்பதை 85ஆம் பாடல் வெளிப்படையாகவே உரைக்கிறது. அந்நிலையில்தான் அவன் ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்தினான்.

இப்பாடல்கள் பெரும்பாலும் நக்கண்ணையாரின் காதல் உணர்வு கொண்டும், தந்தை மகன் பிணக்குக் கொண்டுமே விளக்கப்பட்டு வந்துள்ளன. மற்போர் அவ்விளக்கங்களில் பின்புலமாக மட்டுமே நின்றுவிடுகின்றது.

கால்களின் நிலை

ஆமூர் மல்லனின் வலிமையை அழித்த கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் அமைந்தது. மற்றொரு கால் அவன் செய்ய வந்த உபாயத்தைத் தடுத்துப் பின்புறம் அமைந்தது என்கிறார் சாத்தந்தையார். உபாயத்தைக் குறிக்கப் பாடலில் ஆளப்படும் சொல் 'தார்' என்பது. மாலை, தூசிப்படை என்னும் பொருள்களிலேயே பெரிதும் அறியப்பட்ட இச்சொல்லுக்கு இவ்விடத்து உபாயம் எனப் பழைய உரை பொருள் கொள்கிறது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அப்பழைய உரையுடன் பதிப்பித்தார். மார்பில் வைத்த கால் மண்டியாக மடிந்தது என்றும், மற்றைய கால் மல்லனின் முதுகுப்புறம் வளைந்தது என்றும் கொள்வது அவ்வுரை வழிப்பட்ட பொருளாகும்.

இக்காட்சியின் பொருத்தத்தை அறிய மற்போரின் இயக்கத்தை நோக்குதல் வேண்டும். தரையில் கிடந்து பொரும்போது மேலிருப்பவனின் உறுதி, அவன் ஊன்றும் கால்களைச் சார்ந்தது. ஒரு கால் பூட்டப்பட்டால் அப்பக்கம் ஊன்ற இயலாது. அத்திசையில் அவனைப் புரட்டுதல் எளிது. பிரேசிலில் வளர்ந்த ஜியு-ஜிட்சு இவ்வியல்பைத் தனி நிலையாகவே வகுத்துள்ளது. கீழ்க்கிடப்பவன் மேலிருப்பவனின் ஒரு காலைத் தன் இரு கால்களுக்கிடையே பூட்டிக்கொள்ளும் நிலையை 'ஹாஃப் கார்ட்' என்றும், அங்கிருந்து அவனைப் புரட்டித் தான் மேலாவதை 'ஸ்வீப்' என்றும் வழங்குவர். நெடுங்காலம் தற்காப்பாக மட்டுமே கருதப்பட்ட அந்நிலையை, முழங்காலில் காயமுற்ற பின்னர் 1990களில் தாக்குதல் நிலையாக வளர்த்தவர் ரோபர்ட்டோ 'கோர்டோ' கொரேயா என்பர்.

இவ்விரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டெனக் கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. மனித உடலின் இயக்கம் எங்கும் ஒன்றே என்பதால் ஒன்று மற்றொன்றை விளக்கத் துணைசெய்கிறது. வீழ்ந்தவனுக்கு எஞ்சியிருப்பவை மேலிருப்பவனின் காலைப் பூட்டுதலும் அவனைப் புரட்டுதலும் ஆகிய உபாயங்களே. மல்லனின் உபாயம் இன்னதெனப் பாடல் பெயரிட்டுக் கூறவில்லை. எனினும் அதனைத் தடுத்தது கிள்ளியின் கையன்று, கால் என்பது தெளிவு. ஒரு கால் அழுத்த, மறு கால் தடுக்கின்றது. இரு கால்களுக்கும் இருவேறு தொழில்களைப் பிரித்துக் காட்டுதலே இப்பாடலின் தனிச்சிறப்பாகும்.

இதனையடுத்து வருவது யானை உவமை. பசித்து மூங்கிலைத் தின்ன முயலும் யானை போலத் தலையும் காலுமாகிய இருமுனையும் முறியுமாறு கிள்ளி மோதினான் என்கிறார் புலவர். கஞ்சிக்கோடு, வாளையாறு வனப்பகுதிகளில் இன்றும் காட்டு யானைகள் இருப்புப்பாதையைக் கடந்து திரிகின்றன. அவை மூங்கிலை மிதித்தும் வளைத்தும் முறித்துத் தின்னும் இயல்பினை அறிந்தோர்க்கு இவ்வுவமையின் நுட்பம் விளங்கும். முதலில் அடக்குதல், பின்னர் முறித்தல் என்னும் மற்போரின் வரிசைமுறை உவமையிலும் பேணப்பட்டுள்ளது.

82ஆம் பாடல் அதே போரின் விரைவைக் கூறுகிறது. ஊரில் விழா, இல்லத்தில் மனைவியின் மகப்பேறு, மழை பெய்யும் மாலைப்பொழுது ஆகிய நெருக்கடிகளிடையே தோல்வாரால் கட்டில் பின்னுபவனின் கைஊசியை அதற்கு உவமையாக்குகிறது. எனவே சாத்தந்தையார் நிலையையும் விரைவையும் தனித்தனியே நோக்கிப் பதிவு செய்துள்ளார் எனலாம்.

சான்றும் தந்தையும்

இத்துணை நுட்பம் ஏன் வேண்டப்பட்டது? கிள்ளி வேற்றூரான் ஆதலின், அவன் வென்றான் என ஒரு சாராரும், வென்றிலன் என மற்றொரு சாராரும் கூறியதை 85ஆம் பாடல் காட்டுகிறது. நக்கண்ணையார் தம் இல்லத்துப் பனையை ஒட்டி நின்று, அவன் வென்றதைத் தாமே கண்டதாக உரைக்கிறார். வெற்றி ஐயுறப்பட்ட சூழலில் கண்டவர் கூற்றே சான்றாகின்றது.

சாத்தந்தையாரின் பாடலும் அத்தகைய சான்றே. மகிழினும் மகிழாவிடினும் தித்தன் இதனைக் காண்பானாக என அவர் விழைகிறார். தந்தை களத்தில் இல்லை. வென்றான் என்னும் ஒரு சொல் அவனுக்குப் போதாது. அது ஊராராலேயே மறுக்கப்பட்ட சொல். எந்தக் கால் எங்கிருந்தது என்பதை உரைத்தால் மட்டுமே காணாதவனும் கண்டவனாவான்.

முடிவுரை

கால்களின் நிலை பற்றிய குறிப்பு இப்பாடலில் வெறும் வருணனையன்று. ஐயுறப்பட்ட வெற்றிக்கு அது சான்று. பிரிந்திருந்த தந்தைக்கு அது மகனின் காட்சி. சங்கப் பாடல்களின் போர்க் குறிப்புகளை வீரத்தின் பொதுமொழியாக மட்டும் கொள்ளாது, உடலின் இயக்கம் அறிந்து வாசித்தால், உரையாசிரியர் ஒரு சொல்லுக்குத் தந்த பொருளின் திட்பமும், அச்சொல்லைத் தேர்ந்த புலவரின் பரிவும் ஒருங்கே புலனாகும்.