தருமசாதனமும் நீதிமன்றமும்

அறத்துக்கெனப் பொருளை எழுதிவைத்தவர் மறைந்தபின், அதன் பயனுக்கு உரியோர் தமக்குள் முரண்பட்டால் நீதிமன்றம் எதனைக் கொண்டு தீர்ப்பளிக்கும்? இவ்வினாவுக்கு விடை கூறும் வரலாறொன்று தமிழகத்திலே உண்டு.

1754ஆம் ஆண்டிற் பிறந்த பச்சையப்ப முதலியார், ஆங்கிலேயருக்குத் துபாஷியாக விளங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். 1794 மார்ச் மாதத்தில் திருவையாற்றிலே காலமாகுமுன், ஆலயத் திருப்பணிக்கும் தருமத்துக்கும் பொருளை ஒதுக்கி மரணசாசனம் எழுதிவைத்தார். அவருக்கு ஆண்மக்கள் இல்லை. உறவினரிடையே வழக்கு மூண்டது. சாசனத்திற் சொல்லப்பட்ட அறங்கள் பல்லாண்டு நடவாது கிடந்தன.

சென்னை உச்ச நீதிமன்றத்திலே அரசாங்கத் தலைமை வழக்கறிஞர்களான ஹெர்பர்ட் காம்ப்டனும், அவர்பின் ஜார்ஜ் நார்ட்டனும் அறத்தின் சார்பில் வாதாடினர். 1832இல் தீர்ப்புக் கிடைத்தது. மீட்கப்பட்ட பொருளிலிருந்து சமயக் கட்டளைகளுக்கு வேண்டியது முதலில் ஒதுக்கப்பட்டது. எஞ்சியது கல்விக்கு அளிக்கப்பட்டது. 1842 ஜனவரி முதலாந் தேதி சென்னையிலே பள்ளியொன்று தோன்றியது. அதுவே 1889இற் கல்லூரியாயிற்று.

கோயிலுக்கு எழுதிய பொருள் பள்ளிக்குச் செல்லலாமோ எனச் சிலர் வினவலாம். இங்கேதான் சாசனத்துக்குப் பொருள்கொள்ளும் முறை விளங்குகிறது. வெளிப்படையாக எழுதிய கடமை முதலில் நிறைவேற வேண்டும். அது நிறைவேறியபின் மிஞ்சுவது, முழுவதும் அறத்துக்கே அளிக்கப்பட்டதாதலின், உறவினருக்கு மீளாது. கொடையாளியின் கருத்துக்கு அணித்தான வேறோர் அறத்தைச் சேரும். கேட்போரின் தேவை எத்துணைப் பெரிதாயினும், அளவுகோல் கொடுத்தவரின் கருத்தே. 1947 வரை இந்து மாணவர் மட்டுமே அக்கல்லூரியிற் சேர்க்கப்பட்டமையும் இங்கே நினைக்கத்தக்கது.

இலங்கையிலே இத்துறைக்குரியது 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். சமய நிலையமொன்றில் அக்கறையுடைய ஐவர் சேர்ந்து, சட்டம் விதித்த முறைப்படி வழக்கிடலாம். எழுத்துச் சான்று இல்லாதவிடத்தும், சூழ்நிலைகள் யாவற்றையும் நோக்கி, அறநிலையம் உண்டென நீதிமன்றம் கொள்ளலாம் என்பது இச்சட்டத்தின் சிறப்பு.

கலஹா மலைகளிலுள்ளோருக்கு இது தொலைவான செய்தியன்று. தோட்டத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து கொடுத்து எழுப்பிய கோயில்கள் பலவற்றுக்கு உறுதி என்று ஒன்று எழுதப்படவில்லை. தோட்டங்களோ 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினும் வழிபாடு மாறவில்லை. நிலத்தின் உரிமை வேறு வினா. ஆயினும், அறம் நடந்தது என்பதற்குச் சந்தாக் கணக்கும், திருவிழா அறிவித்தலும், பூசைச் செலவுக் குறிப்புமே சாட்சியாகும். பச்சையப்பரின் சாசனம் எழுதப்பட்டிருந்தும் அவர் அறம் ஏறத்தாழ நாற்பதாண்டு காத்திருந்தது. எழுதப்படாத அறங்களை உடையோர் அந்தக் கணக்கேடுகளையேனும் பேணி வைத்தல் கடமையாகும்.